மஞ்சள் லைட்டை நம்பாத அண்ணி

அண்ணிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர்களில் முதல் ஆள் நான்தான். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் இதை எழுதவே எனக்கு யோக்கியதை கிடையாது.

அண்ணி ஒன்பது வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவர். ஏழு மாடி அலுவலகம், ஒரு முக்காலி, ஒரு இரும்புக் கதவு. ஆள் தேவைப்படாத புது லிஃப்ட் வந்ததும் வேலை போயிற்று. மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளா அவர்? முப்பத்தெட்டு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய டீசல் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அண்ணன் அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தார். பாசத்தில் வைத்த பெயர் இல்லை.

மகாராணிக்கு வேலையும் கிடைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஐந்து பேரை வீடு வீடாக ஏற்றி, ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தாமதமானால் அவர்களுடைய மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணி அந்த ஐந்து பேரையும் சொந்தக்காரர்களைப் போலப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் பழைய வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. குளிர்ந்த காலையில் மகாராணி சாவிக்கு மசிய மாட்டாள். அதனால் முந்தைய நாளே இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிடுவோம். காலையில் பிரேக்கை விட்டால் உருளுவாள், பாதித் தெருவில் கிளட்சை விட்டால் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்புவாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. அது ஒரு கோளாறு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. வீடு மாறும்போது தண்ணீர் வருமா, வெளிச்சம் இருக்குமா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தோம். தெரு சரிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. புதுத் தெரு சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை.

மகாராணி படுத்துக்கொண்டாள். மூன்று முறை தாமதம். மூன்றாவது முறை, ஐவரில் ஒருவரான கணக்கு டீச்சர் மெஷின் கிடைக்காமல் மாலைவரை காத்துக் கிடந்தார். வண்டிகளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் போன் செய்தார்.

"புதன்கிழமை காலையில டீச்சர் வீட்டு வாசல்ல வேற வண்டி ஒண்ணு நிக்கும்மா. ஆறு மணிக்குள்ள நீங்க வரலன்னா அவங்க அதுல ஏறிடுவாங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுது."

அண்ணி போனை வைத்த கையோடு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினார். எனக்குப் பாவமாக இருந்தது.

டீசல் எஞ்சின் குளிரில் எடுக்க வேண்டுமானால், சாவியைத் திருப்பியதும் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு சின்னக் கம்பி பழுக்கச் சூடேற வேண்டும். ஹீட்டர் பிளக் என்பார்கள். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட் எரிந்து அணைந்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக் நான்கு பிளக்கையும் மாற்றினார். எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றினார். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சினே போயிடுச்சுங்க. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பிளக்குக்குக் கரண்ட் போகுதான்னு பார்த்தாரா?" என்றார் அண்ணி.

"அதான் லைட் எரியுதே அண்ணி!"

"லைட் எரிஞ்சா? ஒன்பது வருஷம் லிஃப்ட்ல நின்னவ தம்பி நான். பட்டன்ல லைட் எரியும், ஜனங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டே நிப்பாங்க, லிஃப்ட் வராது. மோட்டார் ரூம்ல 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கணும். அப்பதான் அது நகரும். இந்த வண்டியில நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்ல."

"இது லிஃப்ட் இல்ல, வேன்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"தெரியும். வாயை மூடிக்கிட்டு உள்ள போய் சாவியைத் திருப்பு."

திருப்பினேன். என் முன்னால் மஞ்சள் லைட் பளிச்சென்று எரிந்தது. நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டில் அண்ணி வைத்திருந்த, கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. பொட்டுக் கரண்ட் இல்லை. நான் அசடு வழிந்தேன்.

அங்கிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு கறுப்புப் பெட்டியில் அது போய் முடிந்தது. ரிலே, அதாவது சாவி சொன்னதும் பிளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து அதற்கு வரும் தடித்த ஒயரில் லேம்ப் எரிந்தது. சாவியிலிருந்து உத்தரவு வரும் மெல்லிய ஒயரிலும் எரிந்தது. பிளக்குக்குப் போகும் ஒயர் மட்டும் செத்துக் கிடந்தது.

"சாப்பாடு வந்தாச்சு, பரிமாறுன்னு சொல்லியும் ஆச்சு. இந்த துரை கையைத் தூக்க மாட்டேங்கிறாரு" என்று பெட்டியைத் தட்டினார்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினார். ரிலேயின் ஒவ்வொரு ஒயரிலும் காகிதத் துண்டு ஒட்டி எண் எழுதிவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். முதல் கடைக்காரர் அதே மாதிரி ஒன்றை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். "நம்பர் வேறயா இருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார் அண்ணி. அதே நம்பர் நான்காவது கடையில்தான் அகப்பட்டது.

மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்றது. டெஸ்ட் லேம்ப் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. எஞ்சினும் எடுத்தது, நான் கத்தியே விட்டேன். அண்ணன் மட்டும், "வெயில்ல எந்த வண்டியும் எடுக்கும். காலையில எழுந்திரிக்கட்டும், பார்க்கலாம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

புதன் விடிகாலை. மூச்சு விட்டால் புகை வரும் குளிர். அண்ணனும் நானும் யாரும் சொல்லாமலேயே வேனுக்குப் பின்னால் போய்த் தோள் கொடுத்து நின்றோம்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றார் அண்ணி கண்ணாடி வழியாக.

"தள்ளத்தான்."

"ஒண்ணும் வேண்டாம்."

மஞ்சள் லைட் எரிந்தது, அணைந்தது. ஒரே ஒரு சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. மகாராணி சட்டென்று முன்னால் நகர, இன்னும் சாய்ந்துகொண்டிருந்த அண்ணன் குப்புற விழப் பார்த்தார். நான் சிரித்தபடியே ஓடிப்போய் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டு வாசலில் அந்த இன்னொரு வேன், பளபளவென்று புதுசு, கதவைத் திறந்தபடி நின்றது. டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு, சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்த டிரைவர், "ஏறி உக்காருங்கம்மா, குளிருது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். மறுபடி எடுக்குமா? இந்த வேலையில் இறங்கிய நாளிலிருந்து வழியில் அவர் எஞ்சினை அணைத்ததே இல்லை.

"மன்னிச்சுடுங்க டீச்சர். போன தடவை என்னாலதான் உங்களுக்கு…" என்று அவர் பையை வாங்கக் கை நீட்டினார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எதுக்கு மன்னிப்பு? இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. இந்தத் தம்பிகிட்ட நேரம் இருக்குன்னுதான் அரைமணி நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

அந்த டிரைவர் தன் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் அண்ணியின் தோளைப் பிடித்து எழுந்து, மகாராணியின் முன் சீட்டில் ஏறினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார், தொட்டதும் எடுத்தது.

"போ, போ. மத்த நாலு பேரும் குளிர்ல நிக்கிறாங்க" என்றார் டீச்சர்.