தாய்மாமன் சொன்ன பதில்

போன வருடம் ஆவணியில், பலாங்கொடையில், என் தங்கையின் இளைய மகள் கல்யாணத்தில் நடந்தது இது. மண்டபம் நான் பிடித்துக் கொடுத்தது. பந்திக்கு அரிசியும் மரக்கறியும் வந்து இறங்கியது என் லொறியில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றிய கை இது. இன்றைக்கு டவுனில் ஹார்ட்வேர் கடையும் இரண்டு லொறியும் என் பெயரில் நிற்கின்றன. யார் முன்னாலும் குனிந்து நின்றதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், சம்பாதித்த பெருமை.

முன்கதையைச் சொன்னால்தான் விளங்கும். என் மூத்த மகனுக்குத் தங்கையின் மூத்த மகளைத்தான் கட்டி வைத்தோம். எங்கள் ஆட்களில் மாமன் மகனுக்குத்தான் பெண்மேல் முதல் உரிமை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெயில் பட்டால் முகமெல்லாம் கரும்புள்ளி விழும். கண் கூசி அலறும். களிம்பு, எண்ணெய், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்துத் தீர்ந்த பிறகு, கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களைப் பல்கலைக்கழகக் கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார்.

அவர் சிங்களப் பெண்மணி. என் சிங்களம் சுத்தமானது, அதனால் நடுவில் ஆள் தேவைப்படவில்லை. உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் நீளமான ஒரு நூல் சுருண்டு கிடக்கிறதாம். நம்மை நாமாக ஆக்கும் விவரம் அத்தனையும் அதில்தானாம். வெயில் படும்போது அந்த நூல் அங்கங்கே பழுதாகும், எல்லோருக்கும் ஆகும், ஆனால் சரிபார்க்கும் ஆட்கள் உள்ளேயே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லையாம். எங்கள் பேத்திக்கு அந்த ஆட்கள் இல்லை.

மழையில் மண் சரிந்த தோட்டத்து ரோட்டை ஆள் விட்டு வெட்டாமல் போட்டது மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றார். எவ்வளவு செலவானாலும் அந்த ஆட்களைக் கொண்டுவந்து விடுங்கள் என்றேன். அதற்கு இன்னும் மருந்து வரவில்லை என்றார் அவர். வெயில் படாமல் வளர்ப்பது ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டு, குடும்பத்தில் எல்லோருடைய ரத்தமும் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார். முதல் ஆளாகக் கையை நீட்டினேன்.

அப்போது என் இளைய மகனுக்கும் தங்கையின் இளைய மகளுக்கும் தட்டு மாற்றி முடிந்திருந்தது. இரண்டு பேருடைய ரத்தத்திலும் அதே பழுது இருந்தது. இதனால் இவர்களுக்கு ஒரு நோயும் வராது, ஆனால் இருவரும் சேர்ந்தால் இன்னொரு பேத்தி அப்படிப் பிறக்கலாம் என்று அந்த அம்மா பக்குவமாகச் சொன்னார். வெளியில் கட்டினால் அநேகமாகப் பயமில்லை, ஆனாலும் குழந்தைக்கு முன்னால் அந்தப் பக்கத்து ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள், நாங்களே பார்த்துத் தருகிறோம் என்றும் சொன்னார்.

கல்யாணம் நின்றது. பிள்ளைகள் இருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியில் சொல்வதில்லை என்று நானும் தங்கையும் பேசிக்கொண்டோம். அவள் அவசர அவசரமாக ஓப்பநாயக்கவில் ஒரு கடைக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாள். அவர்களிடம் ரத்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி. தாய்மாமன் என்று என்னை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கலகலப்பான மனிதர். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"என்னங்க மொதலாளி, உரிமப் பொண்ணு. வீட்டுல வயசுப் பையன வச்சுக்கிட்டு வெளிய குடுத்துட்டீங்களே. பொண்ணுக்கு ஏதும் கொறயா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் வரிசையில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. எதிரே பாயாச வாளியோடு என் தங்கை நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. தங்கம். எங்க பையனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. ரத்தத்துல வியாதி."

பெரியப்பா தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். பெரிய மனசுங்க ஒங்களுக்கு."

அந்த நேரம் என் இளைய மகன் சாம்பார் வாளியோடு அதே வரிசையில் வந்துகொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. பெரியப்பாவின் இலைக்கு வந்து கரண்டியை எடுத்தான். அவர் இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"போதும் தம்பி."

அடுத்த ஆளும் மூடினார். அதற்கடுத்த ஆளும். பையன் வரிசை முடியும் வரை நடந்துவிட்டு வாளியைக் கீழே வைத்தான்.

சாயங்காலம் பாத்திரங்களை லொறியில் ஏற்றும்போது என்னிடம் வந்தான். கொதிக்கிற வெயிலில் கூரைத்தகரம் ஏற்றி இறக்குகிற பயல்.

"எனக்கு என்னா வியாதிப்பா?"

ஊரெல்லாம் பேசத் தெரிந்த நான் அண்டாவைக் கயிற்றால் கட்டத் திரும்பினேன். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்மாவோடு மட்டும் போனில் பேசுகிறான். பெல்மதுளையிலிருந்து இந்தப் பக்கம் எந்த வீட்டில் பெண் கேட்டாலும், "அந்த ரத்த வியாதிக்காரப் பையனா?" என்கிறார்கள். தங்கையிடம் ஆற்றாமையாகச் சொன்னேன். "நானா அண்ணே அப்புடி சொல்லச் சொன்னேன்?" என்றாள். அவள் வாயில் அது வந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது தங்கையின் அந்த இளைய மகள் முழுகாமல் இருக்கிறாள். சேதி கேட்டதும் ஒரு பெட்டி ஆப்பிளோடு ஓப்பநாயக்கவுக்குப் போனேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் ரத்தத்தைக் கம்பஸில் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எப்புடி மாமா கேக்குறது? எனக்கு ஒன்னும் இல்லன்னு நீங்கதான பந்தியில சொன்னீங்க. இப்ப இப்புடின்னு சொன்னா என்ன இங்க வச்சிருப்பாங்களா?"

பிள்ளை நல்லபடியாகத்தான் பிறக்கும். அந்தக் கம்பஸ் அம்மாவும் அநேகமாகப் பயமில்லை என்றுதானே சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளையை முதன்முதலாக முற்றத்து வெயிலுக்குத் தூக்கி வருகிற அன்றைக்கு, சீரோடு போய் முன்னால் நிற்க வேண்டிய நான், அதன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதவனாகத்தான் நிற்பேன்.