திறக்காத சேற்றுப் போத்தல்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை அறையொன்றில் தங்கி, யாழ்ப்பாணக் கரையில் கடல் வற்றும்போது தெரியும் சேற்றைப் போத்தல்களில் அடைத்து ஆராய்ந்தேன். பாசி வெளிவிடும் காபனைச் சேற்றுப் பற்றீரியாக்கள் உண்டு மூச்சாக விடும். பாசி அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும். அதை அளக்க மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

பக்கத்து அறையில் யாழ்ப்பாணம் குருநகர் மீனவர் ஒருவர் இருந்தார். கனடா புறப்பட்ட காலையில் கதவைத் தட்டினார்.

"சேர், ஒருக்காத் திறவுங்கோ. எங்கட கரையை மணந்துபோட்டுப் போறன்."

"காத்துப் பட்டால் கணக்குப் பிழைச்சுப்போகும், அண்ணை."

"சேத்துக்கும் காவலோ?" என்று சிரித்தார். மூடிய போத்தலைச் சற்றுநேரம் மூக்கருகே வைத்திருந்துவிட்டுப் போனார்.

அவர் கனடாவிலேயே இறந்ததாகப் பின்னர் அறிந்தேன். அவர் கதவைத் தட்டிய அன்று என் கட்டிலுக்கடியில் அளந்து முடித்த போத்தல்கள் சில கிடந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்திருக்கலாம். அது எனக்குத் தெரிந்தேயிருந்தது. குனிந்து எடுக்கப் பஞ்சிப்பட்டு, வெறும் சோம்பலில் சும்மா இருந்துவிட்டேன்.