டைரக்ட் குடுத்திருங்க

பழைய கார்களுக்கு வயரிங் பார்க்கிற எனக்கு, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்ததெல்லாம், நடுவில் காவலுக்கு இருக்கிற சாமானை விட்டுவிட்டு நேரே வயரை இழுக்கச் சொல்லும் “டைரக்ட் குடுத்திருங்க” என்கிற வார்த்தையால். ஃபேனோ மிக்ஸியோ மோட்டாரோ, எதையாவது கழற்றி மாட்டிப் பிழைப்பவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கும் புரியும்.

தீப்பெட்டி

கோட்டாற்றில் இருக்கிற என் பட்டறைக்கு, ஜெபராஜ் சார் தன் அப்பா காலத்து இங்கிலீஷ் காரைக் கொண்டுவந்தார். ரிட்டயர்டு வாத்தியார். மகள் கல்யாணத்தன்று அவள் அந்தக் காரில் போய்த்தான் சர்ச் வாசலில் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்தக் காரில் ஓவர்டிரைவ் உண்டு. டாப் கியரில் ஓடும்போது சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் இரைச்சல் அடங்கி, வண்டி லேசாகப் போகும். ஆனால் ஓவர்டிரைவ் விழுந்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் உள்ளே எல்லாம் நொறுங்கும். மாற்றுவதற்குச் சாமான் கிடைக்காது. அப்படி ஆகிவிடாமல் கரண்டை மறித்து வைப்பதுதான் ரிலே. தீப்பெட்டி அளவு டப்பா.

அது கெட்டிருந்தது. வேறு ரிலே தேடி வரவழைக்க நாளாகும் என்றேன். சாரோடு அவர் மச்சினன் சாம் வந்திருந்தான். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், ஆகவே அவனுக்குத் தெரியாத வேலையே கிடையாது. “இந்தத் தீப்பெட்டிக்கா இவ்வளவு பாடு? டைரக்ட் குடுத்திருங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்.”

எண்ணெய்

ரிலே வந்து மாட்டினேன். வயர்களை டேப் சுற்றி விடுவது எனக்குப் பிடிக்காது. மெழுகு நூலால் பூக்கட்டுப் போடுவேன். என் மனைவி தோவாளைக்காரி, பூக்கட்டி வளர்ந்தவள், அவளிடம் கற்றது. கையில் எந்த வயர் வந்தாலும் தானாகக் கட்டிவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

பத்தே நாளில் கார் திரும்பி வந்தது. ரிலேயைத் திறந்தால் உள்ளே பிசுபிசுப்பு, தேங்காயெண்ணெய் வாசம். எனக்குத் தலை கொதித்தது. சாம் கொஞ்சமும் கூசாமல் விளக்கம் சொன்னான். “வீடு இராஜாக்கமங்கலம்லா, கடக்காத்து. துரு கேறாண்டாம்னு ரெண்டு சொட்டு விட்டேன். தலைக்கு நல்லதுண்ணா இதுக்கு ஆவாதா?”

ரிவர்ஸ் பாட்டு

கல்யாணத்துக்கு முந்தின நாள் மறுபடியும் வந்தார்கள். பின்னால் போகும்போது பாட்டுப் பாடுகிற பெட்டி ஒன்றை வாங்கி, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஓவர்டிரைவ் வயரை நறுக்கி அதில் கோர்த்திருந்தான் சாம். அறுபது வருடத்துக் காருக்கு ரிவர்ஸ் பாட்டு! பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். அவனைத் திட்டிக்கொண்டே நறுக்கிய வயரைச் சேர்த்தேன். திட்டிக்கொண்டே ரிலேயைத் தாண்டி ஒரு துண்டு வயர் கொடுத்து, கீழே ஓவர்டிரைவைப் போடுகிற சோலினாய்டு ‘டக்’ என்று இழுக்கிறதா என்று பார்த்தேன். திட்டிக்கொண்டே மூடியை மாட்டினேன்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: “அவன ஏசினது போதும் வேய், கைவேலயப் பாரும்.”

ஷெட்

மறுநாள் கல்யாண வீட்டில் நானும் நின்றேன். வெள்ளைப் பட்டுடுத்தி மணப்பெண் படியில் நிற்கிறாள். ஷெட்டில் முன்பக்கமாக விட்டிருந்த காரைச் சார் ரிவர்ஸில் எடுத்தார். அடியில் படாரென்று ஒரு சத்தம். அதோடு கார் அசையவில்லை. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமலே இருந்தார். அந்தப் பிள்ளை வாடகை வேனில் சர்ச்சுக்குப் போனாள்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். சம்பந்தி வீட்டார் நிற்கிறார்கள் என்றும் பாராமல், “எவம்ல டைரக்ட் குடுத்தது?” என்று சாமின் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கையை எடுத்துவிட்டான். பானெட்டைத் தூக்கி, ரிலே மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த துண்டு வயரை விரலால் சுண்டிக் காட்டினான். அதன் நடுவே மெழுகு நூல். “எனக்குப் பூக்கெட்டுக் கெட்டத் தெரியாதுல்லா அண்ணாச்சி.”

டைரக்ட் கொடுக்கவே மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சண்டை போட்டவன், வாழ்நாளில் கொடுத்த ஒரே டைரக்டை அவிழ்ந்துவிடாதபடி நல்ல இறுக்கமாகவே கட்டியும் வைத்திருந்தேன்.