பெட்டியின் மறுமுனையில் சூசை

போன சனிக்கிழமை மத்தியானம் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே ஒரு சவப்பெட்டி. முதுகுக்குப் பின்னால் படிகள். அந்தப் படிகளில் நான் பின்பக்கமாகவே இறங்க வேண்டும்.

பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் சூசை. எங்கே கால் வைப்பது என்று எனக்கு அவன்தான் சொல்ல வேண்டும்.

சூசை என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது.

எங்கள் கோவிலில் ஆண்களுக்கென்று ஒரு சகோதர சபை இருப்பது, வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கூடுவோம். நோயாளிகளைப் போய்ப் பார்ப்போம். திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோம் — அதாவது, கத்துவோம். ஆனால் சபை உண்மையில் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், தூக்குவதற்காக. தூக்க ஆளில்லாத வீட்டில் சாவு விழுந்தால், நீலப் பட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்போம். கப்பலேறி வந்தவர்களின் ஊர் இது. பாதிப் பேருக்கு இங்கே அண்ணன் தம்பி கிடையாது. கடைசி நாளில் அந்த இடத்தில் நாங்கள் நிற்கிறோம்.

தூக்குவதில் ஒரு கணக்கு உண்டு. தோள் உயரத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்போம். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்றால் பெட்டி சாயும். சாய்ந்தால் உள்ளே இருப்பவர் நகர்வார். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அப்புறம் உயர விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சபையில் குட்டையானவர்கள் இரண்டே பேர். நானும் சூசையும். ஆகவே பேச்சு நின்ற பிறகும் ஒவ்வொரு சாவிலும் நாங்கள்தான் ஜோடி. பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு பிரேதம் இருக்கும்போது பேசாமல் நடப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

சனிக்கிழமைதான் கஷ்டமாகிப் போனது.

இறந்தவர் சவரியப்பன். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. ஒரு தகரக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் மனைவி அருளம்மாவோடு குடியிருந்தார். காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

மாடி வீடென்றால் வழக்கமாக உடலைத் துணியில் கட்டி இறக்கி, கீழே கடை வாசல் நடையில் வைத்துத்தான் பெட்டியில் கிடத்துவோம். அதற்காகத் துணியை எடுத்தோம். அருளம்மா எழுந்து வந்து வாசலை மறித்துக்கொண்டார்.

"அண்ணே, அவரு காலமெல்லாம் மூட்டை தூக்குனவரு. அவரையும் மூட்டையா கட்டி இறக்காதீங்க. பெட்டியில வச்சு, மரியாதையா கொண்டு போங்க."

எங்கள் தலைவர் சந்தியாகு அண்ணன், ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். இளகிய மனசு. "சரிம்மா, அப்படியே செஞ்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். படியின் அகலத்தைப் பாராமலே கொடுத்துவிட்டார். காலிப் பெட்டியைக் குத்தாக நிறுத்தி எப்படியோ மேலே கொண்டு வந்திருந்தோம். ஆள் படுத்த பெட்டியை அப்படி நிறுத்த முடியுமா?

படியோ ஓர் ஆள் அகலம், பகலிலும் இருட்டு. பாதி வழியில் தலைக்கு மேல் ஓர் உத்திரம். நெட்டையர்கள் குனிந்தால்தான் போகலாம். பாரத்தோடு குனிவது எப்படி? போதாக்குறைக்கு ஒரு படி உளுத்துப் போயிருந்தது. ஏறும்போது என் காலடியில் அது முனகியது நினைவிருக்கிறது. எத்தனையாவது படி என்பது நினைவில்லை.

சந்தியாகு அண்ணன் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "நெட்டைங்க மூணு பேரும் மேல நின்னு, பெட்டியில கட்டுன கயிற புடிங்க. கொஞ்சம் கொஞ்சமா விடணும். சூசை தலைமாடு. தம்பி, நீ கால்மாடு லா. பின்னாலயே இறங்கு. சூசை சொல்லச் சொல்ல கால வை."

சூசை சொல்லச் சொல்ல.

சபை முழுவதற்கும் விஷயம் தெரியும். அருளம்மாவுக்கும் உங்களுக்கும்தான் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

சூசை துறைமுகத்தில் டாலி கிளார்க். தொங்கான் படகுகளிலிருந்து இறங்கும் மூட்டைகளை நின்று எண்ணுவது அவன் வேலை. எனக்குப் பதினைந்து வருஷச் சிநேகிதன். மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அவனுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி உண்டாகியிருந்தபோது, அவன் வீட்டில் மீன்கறி சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னேன்: "பொறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல நீதான் மச்சான் ஞானத்தகப்பன்." கை கழுவ எழுந்து போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

பையன் பிறந்தான். அந்த வாரமே எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்து, "ஞானஸ்நானத்துக்கு ஆள் பாத்தாச்சா?" என்று விசாரித்தார். அப்போது ஆபீஸில் மேல் பதவியில் ஒரு நல்ல நாற்காலி காலியாக இருந்தது. என் புத்தி அங்கே போயிற்று. "நீங்களே இருக்கலாமே சார்" என்றேன்.

சூசையிடம் சொல்ல வேண்டாமா? நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தன் மனைவி பிள்ளைக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, புதுக் கோட்டும் போட்டுக்கொண்டு சூசை கோவிலுக்கு வந்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே ஹெட் கிளார்க் என் பிள்ளையை ஏந்தி நின்றார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. சூசை பொட்டலத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. அது கிடக்கட்டும்.

இறங்க ஆரம்பித்தோம். முதல் படியிலேயே பாரம் முழுவதும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கண்ணுக்கு முன்னால் பலகை, நாலு ஆணித் தலை — அவ்வளவுதான். சந்தியாகு அண்ணன் மேலே ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்.

"கயிறு கொஞ்சம் விடுங்க" என்றது சூசையின் குரல். அது மேலே நின்றவர்களுக்கு. "போதும், புடிங்க." அதுவும் அவர்களுக்குத்தான். எனக்கு? எனக்கு ஒன்றுமில்லை. இருட்டில் காலால் துழாவினேன். விளிம்பு தட்டுப்பட்டது.

அப்போது, யாரையும் பார்த்துச் சொல்லாமல், "ஒண்ணு" என்றான்.

அடுத்த படிக்கு, "ரெண்டு."

மூட்டை எண்ணும் அதே குரல். ஏறும்போதே படிகளை எண்ணி வைத்திருக்கிறான், பழக்க தோஷம். என்னோடு பேசுகிறானா? இல்லை, எண்ணுகிறான். எண்ணுவது வேறு, பேசுவது வேறு என்று தனக்குள்ளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பான். எப்படியானால் என்ன... அவன் சொன்னபோது கால் வைத்தேன்.

மூணு. நாலு. அஞ்சில் கயிறு ஒரு முழம் நழுவிப் பெட்டி என்மேல் இடித்தது. மேலே யாரோ "இயேசுவே" என்றார்கள். ஜெபமாலை நின்றது. அருளம்மாவின் அழுகையும் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது.

ஆறு. ஏழு.

"எட்டு" என்றான். எட்டில் நின்றேன். ஒன்பது வரவில்லை.

காத்திருந்தேன். வலது கால் அந்தரத்தில். பாரம் முழுவதும் இடது முழங்காலில். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையேது?

"சூசை" என்றேன். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக. "அடுத்த படி எது?"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். உளுத்த படி இதுதான், அது அவனுக்குத் தெரியும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டான் என்று நினைத்தேன். நான் விழுவேன். பெட்டி என்மேல் விழும். மூடி திறந்துகொள்ளும். சவரியப்பன் படியில் உருளுவார்... அருளம்மா மேலே நின்று அதைப் பார்ப்பார். மரியாதையாகக் கொண்டு போங்கள் என்று அவர் கேட்டதற்கு நாங்கள் கொடுக்கப் போவது இதுதான். பயத்தில் எனக்கு மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் வரிகூட வரவில்லை.

"கால வைக்காத, மச்சான்."

குரல் நசுங்கி வந்தது.

"ஒம்பது உளுத்தது. அதத் தாண்டி பத்துல வை. பெலான்... பெலான் லா."

மெல்லக் காலை நீட்டினேன். எவ்வளவு நீட்டியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. "இன்னும் கீழ" என்றான். இன்னும் நீட்டினேன். இடுப்பு விட்டுப் போகும் போலிருந்தது. பெருவிரல் மரத்தைத் தொட்டது. பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றினேன். பத்து தாங்கியது.

பதினேழு வரை எண்ணினான். ஒன்றைக்கூட விடவில்லை.

கீழே ஸ்டூல்களின்மேல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவன் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல்களில் தோல் உரிந்து, நகமெல்லாம் கறுத்து, ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. எட்டாவது படியில் பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, பலகைக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டதாம். நான் அடுத்த அடி எடுத்து வைத்துப் பெட்டி நகர்ந்த பிறகுதான் கையை இழுக்க முடிந்திருக்கிறது.

சந்தியாகு அண்ணன் வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். "கத்தியிருக்கலாம்லடா?" என்று திட்டினார்.

"கத்துனா கயிறு புடிச்சவங்க பதறி விட்டுடுவாங்க" என்றான் சூசை. "அவன் கீழ நிக்கிறான்ல."

எனக்கு நிற்க இடம் இல்லாமல் போயிற்று. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என் உயிரைப் பிடித்திருந்த நேரத்தில், நான் அவனைக் கொலைகாரனாக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் போல் அவனையும் நினைத்துவிட்டேன், வேறென்ன?

அருளம்மா இறங்கி வந்து பெட்டியின்மேல் கையை வைத்தார். "நல்லபடியா கொண்டாந்துட்டீங்க அண்ணே" என்றார்.

கல்லறைக்குப் போகும்போது வேறு ஆளை மாற்றிக்கொள்ளச் சொன்னோம். சூசை கேட்கவில்லை. "உயரம் சரியா வராது" என்று சொல்லிவிட்டு, இடது தோளுக்கு மாறிக்கொண்டான்.

அடக்கம் முடிந்தது. எல்லாரும் கலைந்த பிறகு, வெளிவாசல் பக்கம் அவன் தனியாக நிற்பதைப் பார்த்துக் கிட்டே போனேன்.

"சூசை, அன்னிக்கு நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடு."

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இங்க எதுக்குச் சொல்ற?" என்றான்.

"பின்ன எங்க சொல்றது?"

"கோயில்ல அத்தன பேரு பாத்தாங்க. என் பொண்டாட்டி பாத்தா. இங்க யாருமில்லாத எடத்துல வந்து சொன்னா சரியாப் போச்சா?" கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "வாராவாரம் ஊர்ல உள்ளவங்களப் பத்தியெல்லாம் எழுதுற. உன்னப் பத்தி ஒரு வாரம் எழுது லா. எல்லாரும் படிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"படியில மச்சான்னு கூப்பிட்டியே?"

"வாய் தவறி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நியாயம்தான். அவமானப்படுத்துவதை மட்டும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்கிறோம். மன்னிப்பு என்றால் ஆளில்லாத மூலையாகத் தேடுகிறோம். ஏன், நமக்கு மட்டும்தான் முகம் இருக்கிறதா?

ஆகவே எல்லாரும் பார்க்கச் சொல்கிறேன். வாக்குக் கொடுத்தவன் நான். ஒரு நாற்காலிக்காக அதை மீறியவன் நான். மீறியதை நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாமல், கோவில் வரைக்கும் அவனை நடக்கவிட்டவனும் நான். எங்கள் ஹெட் கிளார்க் இந்தப் பத்திரிகையை ஆபீஸில் முதல் வேலையாகப் பிரித்துப் படிப்பவர். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஊர் படித்துவிட்டது, சூசை. இனி நீதான் பேச வேண்டும்.