துரை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு கல்யாணம்

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மேல் டிவிஷன் கிராணி என்கிற கணக்குப்பிள்ளையைக் காலைப் பெரட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டிலிருந்து வந்தவர்கள் தனியாகக் கூட்டிப்போய் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். சுவரில் ஒட்டியது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. கடைசியில் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். அந்தச் சுண்ணாம்பு காய்வதற்குள் அவர் இடத்துக்கு அடுத்து யார் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. கீழ் டிவிஷன் ஆபீஸில் சின்னக் கிராணி என்று இருந்தது நான் ஒருவன்தான். ஆகவே பேச்சுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

நான் வீரன் அல்ல. கூரைத் தகரத்தில் ரப்பர் கொட்டை வெடித்து விழுந்தாலே மேசைக்கு அடியில் போய்விடுவேன். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி என்னைவிட ஒரு சாண் உயரம். இந்த இரண்டு செய்தியும் சேர்ந்து லயத்து வரிசை வீட்டுத் தொழிலாளர்களுக்கு அந்தக் கெட்ட காலத்திலும் சிரிக்க ஒரு வழி செய்து கொடுத்திருந்தன.

தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் கைத்துப்பாக்கி. அதற்குப் பக்கத்தில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. கிளப்புக்குப் போகிற வழியில் சுடுகிறார்கள் என்பதால் முள்வேலிக்குள் அடைந்து கிடந்த மனிதர், கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடப் பார்த்தார். ஜெனரேட்டரில் ஓடும் பம்பு கடல் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அடியில் மணல். நடுவில் ஒரு பூ. பூ என்று நாங்கள்தான் சொன்னோம். அது உயிருள்ள பிராணி. விரல் விரலாக ஆடும், தொட்டால் கொட்டும், நடுவில் வாய் இருக்கும், அகப்பட்டதைத் தின்னும்.

துரைக்குத் தமிழ் தெரியும். எங்களை விரட்டுவதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் மரியாதை மட்டும் அதில் சேரவில்லை.

"கிராணி, நீ ஜெராம் போ. கோமாளி மீன் கொண்டு வா. ஆரஞ்சு ஒடம்பு, வெள்ளைப் பட்டை. பூவோட கல்யாணம் பண்ணு. கல்யாணம் நல்லா நடந்தா நீ இங்கே. நடக்கலேன்னா நீ மேலே."

மேலே என்றபோது அவர் விரல் மேல் டிவிஷனைக் காட்டியதா, வானத்தைக் காட்டியதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

பூவோடு கல்யாணம் என்றால் நான் என்ன நினைப்பேன்? பூ தயார், மாப்பிள்ளையும் பொண்ணும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

தோட்டத்து லோரியில் டிரைவர் அண்ணனோடு கடலோரத்து ஜெராமுக்குப் போனேன். வழியில் எரிந்துபோன பஸ் ஒன்று எலும்பாக நின்றது. அதைத் தாண்டும்வரை அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு, தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஜெராமில் படகுக்காரர்களிடம் மீன் வாங்கி விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் நானா.

"நானா, ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும் வேணும்."

"யாருக்கு கிராணியாரே? ஒங்களுக்குத்தான் முடிஞ்சு போச்சே."

"மீனுக்கு."

நானா என்னை ஒரு தடவை பார்த்தார், அண்ணனை ஒரு தடவை பார்த்தார். அண்ணன், "துரை உத்தரவு லா" என்றார். நானா வாளிகளைக் காட்டினார். சரிக்குச் சரியாக, நல்ல நிறமாக, கொழுத்த மீன்களாக இரண்டைப் பொறுக்கினேன். இவ்வளவு பொருத்தம் எனக்கே பார்க்கவில்லை.

தொட்டியில் விட்டதும் ஒன்று மற்றதன் வாயைக் கவ்வியது. கவ்வியபடியே கண்ணாடியில் கொண்டுபோய் மோதியது. பிறகு செதில், பிறகு துடுப்பு, பிறகு ஒரு கண். மத்தியானத்துக்குள் தோற்றது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அது ஆடி ஆடிக் கீழே இறங்கியபோது பூ மெல்லப் பிடித்து, வாயை விரித்து, வால்வரை விழுங்கியது. வென்றது மூலையில் நின்று தன் காயத்தோடு மூச்சு வாங்கியது. மறுநாள் அதையும் பூவே சாப்பிட்டது.

"கிராணி," என்றார் துரை, "ரெண்டு மீனுக்குக் கல்யாணம் யார் சொன்னா? மீனுக்கும் பூவுக்கும் சொன்னேன். மீன் பூவுக்குள்ளே குடியிருக்கணும். இன்னும் ஒரு தடவை போ. அவ்வளவுதான்."

அந்த வாரம் மேல் டிவிஷனில் பொறுப்புப் பார்த்த மண்டோரின், அதாவது மேஸ்திரியின், இரண்டு காதுகளையும் காட்டுக்காரர்கள் அறுத்து, ஆளை மட்டும் கீழே அனுப்பியிருந்தார்கள். தலையைச் சுற்றித் துணி கட்டி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் என்ன கேட்டாலும், "ஆங்?" என்றார். அடுத்த லோரியில் நானாகவே ஏறி உட்கார்ந்தேன்.

நடந்ததைக் கேட்டு நானா தலையில் அடித்துக்கொண்டார்.

"சமமா ரெண்டை விட்டா வெட்டுக்குத்துதான் நடக்கும். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு வேணும். அப்புறம், எல்லாப் பூவிலயும் இது தங்காது. எந்தப் பூவுல ஒண்டியிருந்துச்சோ, அந்தப் பூவையும் பாறையிலேருந்து பேத்துக் கொண்டாரச் சொல்றேன்."

"சரி. பெரிசு மாப்பிள்ளை, சிறிசு பொண்ணு."

"அதான் இல்லே. பெரிசுதான் பொம்பள. முட்டை போடுறது அதுதான். சிறிசு ஆம்பள. கடி வாங்கிக்கிட்டுப் பின்னாடியே சுத்தும்."

"நம்ம கிராணி வீடு மாதிரி," என்றார் அண்ணன்.

படகு திரும்பியதும் நானா ஓர் இறால் துண்டை வாளிக்கு மேல் ஆட்டிக் காட்டினார். பாய்ந்து வந்ததைத்தான் எடுத்தோம். சுருண்டு கிடந்ததை அவர் தொடவிடவில்லை. ஒரே பாறையிலிருந்து வந்த பெரியது ஒன்று, சிறியது ஒன்று, அவற்றின் பூ. மூன்றையும் ஒரே வாளியில் போட்டு என் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். லோரியின் பின்னால், படகுக்காரர்கள் நடுக்கடலில் மொண்டு வந்த தண்ணீர், மண்ணெண்ணெய் டின்களில்.

எரிந்த பஸ்ஸைத் தாண்டிவிட்டோம். அண்ணன் பாட்டைத் தொடங்கிய பிறகுதான் முன்கண்ணாடி உடைந்து எங்கள் மேல் கொட்டியது. லோரி சாக்கடைக்குள் முன்பக்கம் குத்தி இறங்கி நின்றது. நான் வாளியைக் கட்டிப்பிடித்து இருக்கைக்கு அடியில் சுருண்டேன். குண்டுகள் டின்களைத் துளைக்கத் துளைக்கக் கடல் முழுக்கப் பின் ஜன்னல் வழியாக என் தலையில் ஊற்றியது. வாயில் உப்புக் கரித்தது. ரத்தம்தான், செத்துப்போனேன் என்று முடிவு செய்து, செத்தவன் எப்படிக் கிடப்பானோ அப்படிக் கிடந்தேன். யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியாகி மூடினார்கள். வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த நடிப்பு அது ஒன்றுதான்.

தூரத்தில் ராணுவ வண்டிச் சத்தம் கேட்டதும் அவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். ஸ்டீயரிங்மேல் சாய்ந்திருந்தார். கழுத்திலிருந்து வந்தது இருக்கை வழியாக இறங்கி வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அமுக்கினேன். விரலிடுக்கில் வந்தது.

"கிராணி, பிரேக்கு," என்றார்.

"போட்டாச்சுண்ணே. நின்னுருச்சு."

"ம்," என்றார். அவ்வளவுதான்.

சிப்பாய்கள் என்னைத் தோட்டத்தில் இறக்கியபோதும் வாளி என் கையில்தான் இருந்தது. என் விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். துரை பழைய பூவை எடுத்து வீசிவிட்டு, வாளியைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்த்தார். தண்ணீர் கொஞ்சம் சிவந்து, பம்பு கலக்கக் கலக்கத் தெளிந்தது. பூ அடிக்கல்லைப் பிடித்துக்கொண்டு விரிந்தது. பெரிய மீன் அதன் விரல்களில் வயிற்றைத் தேய்த்தது, விலகியது, மறுபடி தேய்த்தது, பிறகு முழுசாக உள்ளே புகுந்தது. சிறியது பின்னால் போய் ஒரு கடி வாங்கி, வாலில் கிழிசலோடு மறுபடியும் போனது. துரை உள்ளே விரலை விட்டார். பெரியது அதையும் கடித்தது. அவர் சிரித்தார்.

"கல்யாணம் ஆச்சு. நீ இங்கே."

"சரிங்க துரை."

"வாரா வாரம் புதுத் தண்ணி வேணும். புது டிரைவர் வருவான். நீ ஜெராம் போ."

என் சட்டை உப்பிலும் ரத்தத்திலும் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது.

"துரை, நான் மேலேயே போறேனுங்க."

அவர் மீனிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "மேலேயா? ஏன்?"

"அங்கே ஆத்துலே ஓடுறது நல்ல தண்ணிங்க. உப்புக் கரிக்காது."

துரைக்குப் புரியவில்லை. பெட்டியைக் கட்டு என்றார்.