காலையில் மலையாளம், சாயங்காலம் தமிழ்

போன வாரம் பீர்மேட்டுப் பக்கம் எங்கள் கவலையில் ஒரு பிரசார ஜீப் வந்தது. கவலை என்றால் முச்சந்தி, மலையாளத்துச் சொல். வெளியூர்க்காரர்கள் கண்டக்டரிடம் "கவலையில் இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. ஜீப்பில் டிரைவர் மட்டும்தான். குரல் பென்டிரைவிலிருந்து வந்தது. முதலில் சுத்தமான தமிழ், பிறகு சுத்தமான மலையாளம். இரண்டிலும் ஒரே சேதி, ஒரு சொல் முன்னே பின்னே இல்லை. நல்லா இருக்கே என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம் பழைய ஜீப் ஒன்று ஞாபகம் வந்தது.

மைக் பிடித்தவர்களுக்குத் தெரியும், அதன் தலையில் மாட்டும் ஸ்பாஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. எச்சில், பீடி, இருமல் மிட்டாய், மலை ஈரம் எல்லாம் ஊறிய வாசனை. எனக்கு முன்னால் முழங்கியவர்கள் அத்தனை பேரையும் முகர்ந்துகொண்டுதான் நான் "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பிப்பேன். நான் மைக் பிடித்தது, கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த வருஷம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தாள். அதனால் லயத்தில், எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், எனக்குக் கொஞ்சம் மரியாதை. என்மேல் எனக்கே இருந்த மரியாதை அதைவிட அதிகம்.

பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டுக்கு கட்சி ஜெபமணி அக்காவை நிறுத்தியிருந்தது. அவரும் அம்மாவோடு கொழுந்து எடுப்பவர். யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் எஸ்டேட் ஆபீஸில் போய் உட்கார்ந்துகொள்வார், தகரம் கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

கட்சியின் கிளைச் செயலாளர் குரியன் சேட்டன், கவலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். சாயாக்கடைப் பின்கட்டில் பிரசாரத்துக்கு முன்னால் கூடினோம். கூரை, தண்ணீர், ரோடு, இவை மூன்றையும் பேசுவது என்று சட்டென்று முடிவானது. மொட்டை மேட்டில்தான் முட்டிக்கொண்டது. அது லயத்துக்கும் கவலைக்கும் நடுவில் கிடந்த அரசாங்க நிலம். கவலைக்காரர்கள் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள், பட்டயம் என்கிற பட்டா வேண்டும் என்றார்கள். லயத்துக்காரர்களுக்கோ ரிட்டயர் ஆனால் எஸ்டேட் வீட்டை ஒப்படைக்க வேண்டும், போக இடமில்லை; அங்கே வீட்டு மனை வேண்டும் என்றார்கள். தேர்தல் முடியும்வரை அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றார் சேட்டன்.

ஜெபமணி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல நமக்குள்ள பேசி முடிப்போம். முடிக்காம வண்டி எடுத்தா, வண்டி தானாப் பேசும்" என்றார்.

ஜீப்புக்காரர் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். எழுந்துவிட்டோம்.

ஒரே ஜீப், ஒரே ஒலிபெருக்கி. காலையில் கவலைப் பக்கம் சேட்டன் மலையாளத்தில் பேசுவார். கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் சாயங்காலம் லயத்தில் நான் தமிழில் பேசுவேன். லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் கை நீட்டி வண்டியை நிறுத்துவார்கள். பாலில்லாத கட்டன் சாயா தருவார்கள். பிறகு கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லாமல் கிளம்பப் பார்த்தால் வண்டிக்கு முன்னால் கொழுந்துக் கூடையை வைத்துவிடுவார்கள். பெரிய பெரிய தலைவர்களே அந்தக் கூடைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

எனக்குக் கூடை வைத்தது என் அம்மா.

"கூரை போடுவீய, சரி. நாளைக்கு நான் ரிட்டயர் ஆனா அந்தக் கூரை எனக்கா, லே?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பதில் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஜெபமணி அக்கா ஜெயித்தால் மொட்டை மேட்டில் நமக்கெல்லாம் மனை என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். அம்மா கூடையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, சாராயம் மாதிரி. மறுநாள் அடுத்த லயத்தில் யாரும் கேட்காமலே சொன்னேன். தமிழில்தானே சொல்கிறோம் என்று ஒரு தைரியம்.

சேட்டனுக்கும் அதே தைரியம் இருந்திருக்க வேண்டும். மேட்டில் போட்ட கப்பையை யாரும் தொடமாட்டார்கள் என்று அவர் காலையில் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களே சொல்லுங்கள், எங்கள் மலையில் மலையாளம் தெரியாத தமிழர் உண்டா, தமிழ் தெரியாத மலையாளி உண்டா? சண்டை வந்தால் அடுத்தவர் மொழியில்தானே திட்டிக்கொள்வோம். மைக் கைக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் அது மறந்துபோனது.

கடைசிக் கூட்டம் கவலையில் நடந்தது. ஜெபமணி அக்கா பெஞ்சின்மேல் ஏறிக் கூரையைப் பற்றி ஆரம்பித்ததுமே கப்பைக்காரர் ஒருவர் எழுந்து, நான் சொன்னதை நல்ல தமிழில் அப்படியே ஒப்பித்தார். பதிலுக்கு அம்மா, சேட்டன் சொன்னதை மலையாளத்தில் ஒப்பித்தாள். சிரிப்பு அடங்கியதும் அம்மாதான் கேட்டாள்.

"காலைல வண்டி ஒண்ணு பாடுது, சாயங்காலம் ஒண்ணு பாடுது. நீ எந்த நேரத்து ஆளு, ஜெபமணி?"

பையன் உளறிவிட்டான், சேட்டன் உளறிவிட்டார் என்று அக்கா சொல்லியிருக்கலாம். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கூட்டத்திடம், "மேட்டைப் பத்தி எங்களுக்குள்ள இன்னும் பேச்சு முடியல. முடியாத பேச்ச வண்டில ஏத்திட்டோம். அது என் தப்பு" என்றார்.

லயமும் ஓட்டுப் போடவில்லை, கவலையும் போடவில்லை. தோற்ற பிறகு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கூடைக் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "பேசுனதுக்குக் குத்தம் சொல்லலடே. ஆனா என் பேரச் சொல்லித்தானே பேசுன." அவ்வளவுதான். சாயா போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

கட்சி ஒரே குரலில் பேச வேண்டும் என்று சொல்வது அன்றைக்கு எனக்கு வாய்ப்பூட்டாகத்தான் பட்டது. உள்ளே முகம் பார்த்துச் சண்டை போட்டு முடித்தால்தான் வெளியே ஒரே குரல் வரும், அதற்குத்தான் அக்கா எங்களை உட்காரச் சொன்னார் என்பது புரிய அவர் தோற்க வேண்டியிருந்தது.

அக்கா இப்போது இங்கே இல்லை. ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தென்காசிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மொட்டை மேட்டில் மனையும் இல்லை, கப்பையும் இல்லை. டூரிஸ்டுகளுக்குக் கூடாரம் போட்டுக் கலர் விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அம்மா கவலையில் வாடகை அறையில் என்னோடு இருக்கிறாள்.

போன வாரம் அந்த ஜீப் வந்தபோது அவளும் என்னோடு நின்றாள். பழக்கத்தில் கை நீட்டினாள். வண்டி நிற்கவில்லை. கையிலிருந்த காய்கறிப் பையை ரோட்டில் வைக்கக் குனிந்தாள். டிரைவர் ஹார்ன் அடித்து, ஒதுங்கிப் போய்விட்டார். வளைவு திரும்பும்வரை அந்தக் குரல் கூரை, தண்ணீர், ரோடு என்று சொல்லிக்கொண்டே போனது. மேட்டைப் பற்றி இரண்டு மொழியிலும் ஒன்றும் இல்லை.

"வண்டிக்குள்ள ஆளு இல்லியோ?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.