பூஜைக்கு முன் தின்ற இலந்தைப்பழம்

அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் கொல்கத்தா வந்த புதிது. என் குட்டிப் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கே பதினோரு பேர்தான். பவானிபூரில் வாங்கிய இலந்தைப்பழத்தைத் தின்றபடியே வகுப்பில் எல்லோருக்கும் பையை நீட்டினேன். ஒருவரும் தொடவில்லை.

"ஓ மா! சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டா பரீட்சையில ஃபெயில்!" என்று அலறினாள் வகுப்புத் தோழி ரியா. இங்கே அந்தப் பூஜை நவராத்திரியில் இல்லை, குளிர்காலக் கடைசியில்தான் வருமாம்.

நான் ஏற்கெனவே ஆறு தின்றிருந்தேன். மறுவாரம் பரீட்சை வேறு! என் முகம் போன போக்கைப் பார்த்த ரியா, சட்டென்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஃபெயிலானா எல்லாரும் சேர்ந்தே ஆவோம்!"

அவ்வளவுதான், அத்தனை கைகளும் பைக்குள் பாய்ந்தன!

உள்ளே வந்த பேராசிரியை கொட்டைகளைப் பார்த்தார். "பேப்பர் திருத்தப்போறது நான்தானே?" என்று கடைசிப் பழத்தைத் தானே தின்றார்.

மதிப்பெண் இப்போது நினைவில்லை. நான் இங்கே புதியவளாக இருந்த கடைசி நாள் அதுதான்.